முன்னால் போகிறவர்

ராஜா அண்ணாமலைபுரம்
11 மார்ச் 2025

அன்புள்ள ஜுவேரியாவுக்கு,

நான் ஆஷா. நம் ஆஸ்பத்திரியின் டே கேர் பிரிவில் இருக்கும் ஜலஜா சிஸ்டர் உங்கள் பெயரைத் தந்தார். என் கணவர் லாசருக்கும் உங்களுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே மரபணு மாற்றம், ஒரே மாத்திரை என்றார். லாசர் ஜனவரியில் இறந்துவிட்டார். அட்டைகள் மிச்சம் இருக்கின்றன. உங்கள் காப்பீட்டு அனுமதி வரும்வரை இவை உதவும்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. அதை முதலில் சொல்ல வேண்டும். படுத்தே கிடந்தவர் எழுந்து பட்டறைக்குப் போனார். பிறகு, மழைக்காலத்தில், காலைத் தலைவலி. பவர் மாறியிருக்கும் என்று நினைத்தோம். கண்ணாடியை மாற்றினோம். கண்ணாடி இல்லை. நோய் தலைக்கு ஏறியிருந்தது. டாக்டரிடம் போனபோது

இதை எப்படி அனுப்புவது.

ஜலஜா சொன்னார்: "செத்துப்போனவர் மாத்திரைன்னு எழுதாதீங்கம்மா. கையில வாங்குவாங்க, வாயில போட மாட்டாங்க. 'டாக்டர் மருந்த மாத்திட்டார், இது மிச்சம்'னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

எல்லோரும்.

எங்களுக்கு முதல் அட்டை மேற்கு மாம்பலத்திலிருந்து வந்தது. ராஜகோபாலன் என்று ஒருவர். அவருக்கு மருந்தை மாற்றிவிட்டார்கள் என்று அவர் மனைவி எழுதியிருந்தார். லாசர் சந்தோஷப்பட்டு, முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக சாந்தோமில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

வேறு தாள் எடுக்கிறேன்.


ராஜா அண்ணாமலைபுரம்
11 மார்ச் 2025

அன்புள்ள ஜுவேரியாவுக்கு,

நான் ஆஷா, லாசரின் மனைவி. ஜலஜா சிஸ்டர் உங்கள் முகவரியைத் தந்தார். டாக்டர் என் கணவருக்கு மருந்தை மாற்றிவிட்டார். இவை மிச்சம்.

அட்டையின் பின்புறம் தேதி இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில். முகத்தில் பரு மாதிரி வரும். கிள்ள வேண்டாம்.

பதில் எழுத வேண்டியதில்லை. நலம் பெறுங்கள்.

ஆஷா லாசர்


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
17 மார்ச் 2025

அன்பு ஆஷா அக்காவுக்கு,

ஜுவேரியா ஸலாம் சொல்லி எழுதுவது. பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மன்னியுங்கள், எழுதுகிறேன். இவ்வளவு பெரிய பொருளை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் எங்கள் மாமியார் ஊரைக் கூட்டிவிடுவார்.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். குரல் போய்விட்டது அக்கா. கட்டி ஏதோ நரம்பை அழுத்துகிறதாம். பேசினால் காற்றுதான் வருகிறது. என் மகள் ருஷ்தா, 'அம்மா ரகசியம் பேசுறாங்க' என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்கிறாள். போனும் என்னிடம் இல்லை. நாள் முழுக்க நோயின் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஹம்மாத் அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தி.நகரில் கண்ணாடிக் கடையில் கண் சோதித்து பவர் எழுதுகிறவர். பொறுமைசாலி. அவருக்கே கோபம் வந்துவிட்டது. அதனால் கடிதம். எங்கள் தெரு ஆட்டோக்காரர் மெஹபூப் பாஷா பாய் அடையாறு சவாரிக்குப் போகும்போது உங்கள் வீட்டில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

லாசர் அண்ணனை எனக்குத் தெரியும். உங்களுக்கு நினைவிருக்காது. போன வருஷம், நான் முதல் ஸ்கேனுக்கு வந்த அன்று, வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் மருந்து வரிசையில் நின்றீர்கள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, லாசர் என்று பெயரைச் சொன்னார். "இன்னாத்துக்கும்மா அழுவுற? நானும் படுத்தாப்ல வந்தவன்தான். இப்ப லேத்துல நிக்கிறேன், பாரு. புது மாத்திர கீது. பழைய மருந்து ஊட்டையே இடிச்சுட்டு உள்ள போவும். இது அப்படி இல்ல. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. உன் பூட்டு இன்னான்னு மொதல்ல பார்க்கச் சொல்லு" என்றார். பிறகு எனக்கு ஒரு பன் வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகும் டி.பி. என்று சொல்லி மாதக்கணக்கில் போயிற்று. கடைசியில் சதை எடுத்துப் பார்த்து நுரையீரல் புற்றுநோய்தான் என்றார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் டாக்டரிடம், 'என் பூட்டு எது?' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அண்ணனின் பூட்டேதான் அக்கா.

பஸ்ஸில் போகும்போது முன்னால் அதே நம்பர் பஸ் போனால் ஒரு தைரியம் வரும், இல்லையா? ரோடு எங்கே அடைத்திருக்கிறது என்று அதற்குத்தான் முதலில் தெரியும். லாசர் அண்ணன் எனக்கு அந்த முன்னால் போகிற பஸ்.

நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துஆ கேட்கத் தடையில்லை. அண்ணனுக்கு நோய் தீர வேண்டும் என்று ஷிஃபா கேட்கிறேன். என் பெயருக்கு முன்னால் அவர் பெயர்.

புது மருந்து அவருக்கு ஒத்துக்கொள்கிறதா? ஒரு வரி எழுதுங்கள். என்னை நீ என்றே எழுதுங்கள்.

தங்கை,
ஜுவேரியா


ராஜா அண்ணாமலைபுரம்
24 மார்ச் 2025

ஜுவேரியாவுக்கு,

நீ என்றே எழுதுகிறேன்.

பதில் தாமதம். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் ஆண்டிறுதிச் சரிபார்ப்பு. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். இல்லாததும் சில நாள் இருப்பதாகவே பதிவாகியிருக்கும்.

அவர் நலம்.

புது மருந்து ஒத்துக்கொள்கிறது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் பாதி நாள் போகிறார். சாயங்காலம் சட்டையில் இரும்புத்தூளோடு வருகிறார். வந்ததும் ஃபேனை ஐந்தில் வைக்கிறார். நான் மூன்றுக்குக் குறைக்கிறேன். இதுதான் எங்கள் வீட்டுச் சண்டை.

பன் கதை எனக்குத் தெரியாது. அன்று எனக்கும் ஒரு பன் கொண்டுவந்தார். நான் சாப்பிட மறுத்தேன். ஆஸ்பத்திரியில் யாராவது பன் சாப்பிடுவார்களா என்று திட்டினேன். வேறொரு பெண்ணின் அழுகையை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார், சொல்லவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருந்திருக்கிறது. அதைத் தந்ததற்கு நன்றி.

மாத்திரையைத் தவறவிடாதே.

ஆஷா


கச்சேரி ரோடு
22 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு, அண்ணனுக்கு,

ஜுவேரியா ஸலாம். உங்கள் பண்டிகை நல்லபடியாக நடந்ததா?

முதலில் நல்ல செய்தி. குரல் வருகிறது! போன வாரம் ருஷ்தா பாலைக் கொட்டினாள். "ஏய்!" என்று கத்திவிட்டேன். வீடே அசையாமல் நின்றது. மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். ஹம்மாத், 'இன்னொரு வாட்டி திட்டு, இன்னொரு வாட்டி திட்டு' என்கிறார். ருஷ்தா பாவம், எதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அழுதாள்.

ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பூட்டு திறந்துவிட்டது என்று லாசர் அண்ணனிடம் சொல்லுங்கள்.

இனி கெட்ட செய்தி. முகமெல்லாம் பரு. கல்யாணத்துக்கு முன்னால்கூட எனக்கு இப்படி வந்ததில்லை. நகத்தின் ஓரம் வெடித்து ரத்தம் வருகிறது. தி.நகர் கடைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். மணப்பெண் ஜாக்கெட் ஒன்றில் ரத்தம் பட்டுவிட்டது. அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கல் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கடைக்காரர், 'டிசைன் நல்லாருக்கும்மா' என்றார்.

காப்பீட்டு அனுமதி வந்துவிட்டது. இனி எனக்கென்று தனி அட்டை. ஆனாலும் கடிதத்தை நிறுத்த மாட்டேன்.

அண்ணனுக்குப் பரு எப்போது போயிற்று? நகத்துக்கு என்ன போட்டார்?

ஜுவேரியா


ராஜா அண்ணாமலைபுரம்
3 மே 2025

ஜுவேரியா,

உன் குரலை நான் கேட்டதில்லை. ஆனால் அந்த 'ஏய்' இங்கே வரை கேட்டது.

நகத்துக்கு: வெதுவெதுப்பான நீரில் உப்புப் போட்டு விரலை வைத்திரு. துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய். இரவில் மெல்லிய பருத்தித் துணி சுற்றிக்கொள். சீழ் வைத்தால் டாக்டர். பரு கோடை முடிய அடங்கிவிடும். அவருக்கு அப்படித்தான். வெயிலில் முகத்தை மூடிக்கொள். வயிறு போனால் கஞ்சியும் மோரும். பிறகு ஒருநாள் காலையில் பசிக்கும். உண்மையான பசி. அவர் அன்று வஞ்சிரம் கேட்டார். பட்டினப்பாக்கம் போய் வாங்கி வந்தேன். வறுக்கும்போதே அடுப்பருகில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார்.

அந்த மாதங்களைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் எனக்குத் தெரியும். நீ அவருடைய வழியில் வந்துகொண்டிருக்கிறாய். வேகமாக வருகிறாய். சில சமயம் அது எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்கு எழுதும் நாட்களில் வீட்டில் பேச்சு அதிகம்.

ஆஷா


கச்சேரி ரோடு
9 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

பக்ரீத் பிரியாணி பாஷா பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். காரம் குறைத்திருக்கிறேன், அண்ணனுக்காக. மூடியைத் திறந்ததும் எலுமிச்சை பிழியுங்கள்.

பாஷா பாயைப் பற்றி ஒரு வேடிக்கை. நேற்று என்னிடம் சொல்கிறார்: "இன்னாம்மா ஜுவேரியா, அந்தக்கா ஊட்டு வாசல்ல ஒரு ஆம்பள செருப்பகூட நான் பார்த்ததில்ல. உங்க அண்ணன் வெறுங்கால்லயா பட்டறைக்குப் போய்க்கினு கீறாரு?" நான் நன்றாகத் திட்டிவிட்டேன். அடுத்தவர் வாசலில் செருப்பு எண்ணுகிறீரா, உமக்கு மீட்டரைப் பார்க்கவே நேரமில்லையே என்று. (மீட்டர் போட்டதே இல்லை அவர்.)

பரு போய்விட்டது. பசி வந்துவிட்டது. நீங்கள் எழுதிய மாதிரியேதான், வரிசை மாறாமல். உங்கள் கடிதத்தைக் குர்ஆன் அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். எனக்கு அடுத்து என்ன வரும் என்று அதில்தான் பார்க்கிறேன்.

அண்ணனைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஹம்மாத்தும் வரட்டுமா? ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம். அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும்.

ஜுவேரியா


ராஜா அண்ணாமலைபுரம்
15 ஜூன் 2025

ஜுவேரியா,

பிரியாணி அருமை. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

இப்போது வர வேண்டாம். புது மருந்தில் எதிர்ப்புச் சக்தி குறைவு, தொற்று பயம். யாரும் வீட்டுக்கு வருவதில்லை. உனக்கும் நல்லதில்லை. மழைக்காலம் கழியட்டும்.

செருப்பை உள்ளே வைக்கும் பழக்கம் எங்களுக்கு. இப்போது வாசலில் வைத்திருக்கிறேன். கறுப்பு, குதிகால் தேய்ந்தது. பாஷா பாயிடம் சொல்.

இன்று காலை பால்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி நின்றார். பாக்கெட்டைக் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆஷா


கச்சேரி ரோடு
12 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

இந்த முறை நீளமாக எழுதவில்லை. ஒரு கேள்விதான்.

கொஞ்ச நாளாகக் காலையில் தலை வலிக்கிறது. எழுந்ததும் வலி. பத்து மணிக்கு மேல் குறைந்துவிடும். ஊசியில் நூல் கோக்கும்போது நூல் இரண்டாகத் தெரிகிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. குனிந்து ஆரி வேலை செய்கிறேன் அல்லவா, அதனால் என்கிறார் மாமியார்.

அடுத்த ஸ்கேன் அடுத்த மாதம்தான். ஹம்மாத் இப்போதே போகலாம் என்கிறார். நான், 'இருங்கள், ஆஷா அக்காவைக் கேட்கிறேன்' என்றேன். டாக்டர் நெற்றியைச் சுருக்கினால் எனக்கு அன்றைக்கே பாதி உயிர் போய்விடும். நீங்கள் என்றால் பயமில்லை. இந்த வழியில் அண்ணன் முன்பே போயிருக்கிறார்தானே.

அவருக்கு இப்படி இருந்ததா? இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன். பாஷா பாய் உங்கள் வாசலில் காத்திருப்பார். பதிலை அவர் கையிலேயே கொடுங்கள்.

ஜுவேரியா


ராஜா அண்ணாமலைபுரம்
12 ஆகஸ்ட் 2025

ஜுவேரியா,

பாஷா பாய் வண்டியை அணைக்காமல் நிற்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

அவருக்கும் இருந்தது. போன வருஷம் மழைக்காலத்தில். காலையில்தான். கண்ணாடியை மாற்றினோம்.

ஆஷா


கச்சேரி ரோடு
30 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்றைக்கே நன்றி சொல்லி ஷுக்ரானா தொழுதேன். கண்ணாடி! வீட்டிலேயே கண்ணாடிக்காரரை வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஹம்மாத் கடை மூடும் நேரத்துக்கு என்னை வரச் சொல்லி அவர் கையாலேயே சோதித்தார். மெஷினில் பவர் மாறவில்லை என்று வந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் அதேதான். முதலாளி, 'இன்னாப்பா, பொண்டாட்டி கண்ணையே பார்த்துக்கினு நிக்கிற' என்று கேலி செய்தார். கடைசியில் கால் பவர் கூட்டிப் போட்டார். 'அக்கா வீட்டில் சரியாயிற்று என்றால் நமக்கும் ஆகும்' என்றார். அழகான ஃபிரேம். தேன் நிறம்.

வலி இன்னும் போகவில்லை. புதுக் கண்ணாடி பழக நாளாகும், இல்லையா? இன்று காலை எழுந்ததும் வாந்தி. குமட்டலே இல்லாமல் சட்டென்று வந்தது. படியில் இடது கால் கொஞ்சம் இழுத்த மாதிரி. கண்ணாடியில் தரை உயரமாகத் தெரிகிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். அண்ணனுக்கும் பழக நாளானதா?

நேற்று பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம் என்று காவி உடுத்தி ஜனங்கள் நடந்து போனார்கள். எங்கள் தெருமுனையில் ஹம்மாத் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். லாசர் அண்ணன் நடந்து போகிறாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் இரண்டிரண்டாக இருந்தது. எதிலும் அவர் இல்லை.

ஜுவேரியா


30 ஆகஸ்ட் 2025

ஜுவேரியா,

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. இப்போதே. பாஷா பாய் வண்டியிலேயே.

கண்ணாடி இல்லை. தலையை ஸ்கேன் செய்யச் சொல்.

லாசர் இல்லை. ஜனவரியில் போய்விட்டார். தலைவலியில்தான் தொடங்கியது. நாங்களும் கண்ணாடிதான் மாற்றினோம்.

போ.


ராஜா அண்ணாமலைபுரம்
28 செப்டம்பர் 2025

ஜுவேரியா,

உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். போனதைப் பாஷா பாய் திருப்பிக் கொண்டுவந்தார். ஹம்மாத் வாசலில் நின்று, 'அந்த வீட்டுக் கடிதம் வேண்டாம்' என்றாராம். அதற்கு முந்தையதும் அப்படித்தான் வந்தது. பாஷா பாய் என் முகத்தைப் பார்க்காமல், "உயிரோட கீது, அக்கா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இதையும் வாங்க மாட்டார்கள். எழுதுகிறேன்.

'கண்ணாடியை மாற்றினோம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் பேனாவை வைத்தேன். அடுத்த வரியில் அவர் இறக்க வேண்டியிருந்தது. வெளியே ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. பெயரெழுதி மடித்துவிட்டேன்.

உன்னைப் பார்க்க வரலாமா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஜலஜா சிஸ்டரிடம் கேட்டேன். 'அவங்க சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க' என்றார்.

வாசலிலிருந்து செருப்பை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மட்டும் தரை வெளுத்திருக்கிறது.

ஆஷா


கச்சேரி ரோடு
1 நவம்பர் 2025

ஆஷா அக்காவுக்கு,

ஜுவேரியா எழுதுவது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். இரண்டையும் திறந்தால் வரி இரண்டாகிறது. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று உங்கள் கடிதத்தை ஹம்மாத்தான் எனக்குப் படித்துக் காட்டினார். 'லாசர் இல்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். படியுங்கள் என்றேன். படிக்கவில்லை. தாளை என் மடியில் போட்டுவிட்டு, 'பாய், வண்டியத் திருப்புங்க' என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. ராயப்பேட்டை சிக்னலில் பாஷா பாய், "நான் அந்தச் செருப்பு மேட்டர அப்பவே சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு ஹாண்டில் பாரில் தலையை வைத்து அழுதார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

தலைக்குள் சில இடங்களில் கட்டி இருக்கிறது. டாக்டர், 'இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா' என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. 'இன்னும் லேட்டாகியிருந்தா' என்று ஆரம்பித்தார், அதையும் முடிக்கவில்லை. முகத்தின் அளவுக்கு வலை மாதிரி ஒரு முகமூடி செய்து, மேஜையோடு சேர்த்து இறுக்கி, கதிர்வீச்சு கொடுத்தார்கள். உள்ளே கண்ணை மூடிக்கொண்டு அந்த வலையின் தையலை யோசித்தேன். மோசமான வேலை. ஓரம் மடிக்கவே இல்லை.

மருந்தையும் மாற்றிவிட்டார். உண்மையாகவே மாற்றிவிட்டார். இது இன்னும் புது மாத்திரையாம், தலைக்குள்ளும் போகுமாம். போகட்டும்.

ஹம்மாத் அந்தத் தேன் நிறக் கண்ணாடியைக் கடையில் ஒரு டிராயரில் வைத்திருக்கிறார். விற்கவும் இல்லை, எறியவும் இல்லை. அவருக்கு உங்கள்மேல் கோபமா, மெஷின்மேல் கோபமா, தன்மேலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதில்லை.

எனக்கும் கோபம்தான். பல நாள் இருந்தது. ரமலான் முழுக்க அண்ணனுக்கு ஷிஃபா கேட்டேன், அக்கா. அப்போதே அவர் மண்ணுக்குள். நான் கேட்டதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று ஹம்மாத்திடம் கேட்டேன். 'கேட்டது வீண் போகாது, வேற யாருக்காவது போயிருக்கும்' என்றார். எனக்குத்தான் வந்திருக்கிறது போல. குரல் வந்ததே, பசி வந்ததே, அந்த மாதங்கள். அதுவும் அவருடைய மிச்சம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பால்காரர் பாக்கெட்டைத் தரையில் வைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஏதோ புரிந்தது. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். முன்னால் போகிற பஸ்ஸில் யாருமே இல்லை என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. நானும்தான் அண்ணனை உட்கார வைத்திருந்தேன்.

பழைய மாத்திரை எனக்கு மிச்சமாகிவிட்டது. ஜலஜா சிஸ்டர் ஒரு பெயர் கொடுத்தார். வேதாந்தம், நங்கநல்லூர், இளம் வயதுதான். அதே பூட்டு. எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சத்தியமாக. கை இப்படி எழுதியது:

'அன்புள்ள சாருக்கு, டாக்டர் எனக்கு மருந்தை மாற்றிவிட்டார். இவை மிச்சம். நான் நலமாக இருக்கிறேன்.'

இந்தக் கோணல் எழுத்தில் நலம் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? ருஷ்தாவை விட்டு அழகாக எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தாள். இப்போது அவருக்கு முன்னால் போகிறவள் நான்.

அவர் பதில் எழுதுவார். நான் எழுதினேனே, அப்படி எழுதுவார். அதைப் பாஷா பாய் உங்களிடம் கொண்டுவருவார், ஹம்மாத்திடம் வேண்டாம். என்னால் முடியும்வரை நான் சொல்லியனுப்புகிறேன். முடியாமல் போனால் என் பெயரில் நீங்கள் எழுதுங்கள். என்னை நல்லபடியாக வைத்திருங்கள். ஆரி வேலைக்குப் போகட்டும். ருஷ்தாவைத் திட்டட்டும். பிரியாணிக்குக் காரம் குறைத்துப் போடட்டும். உங்களுக்குப் பழக்கம்தானே.

நாளை உங்கள் கல்லறைத் திருநாள் என்று பாஷா பாய் சொன்னார். ஒரு முழம் மல்லி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அண்ணனுக்கு வையுங்கள்.

ஒன்றே ஒன்று. காலையில் தலை வலிக்கிறது என்று வேதாந்தம் எழுதினால், பாஷா பாய் வண்டியை அணைக்காவிட்டாலும் பரவாயில்லை, முதல் வரியிலேயே என்னைக் கொன்றுவிடுங்கள்.

ஜுவேரியா